சமூகப்பணியில் முனைவர் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகப்பணியில் முதுகலை முடித்து, சில ஆண்டுகள் களத்திலோ நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு, அடுத்தது முனைவர் பட்டமா என்ற யோசனையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிமுறைகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் நடப்பு அறிவிக்கையைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். இங்கே இருப்பவை பெரும்பாலும் எங்கே சேர்ந்தாலும் எதிர்கொள்ள வேண்டியவை.

சமூகப்பணியாளராக இருப்பதற்கு முனைவர் பட்டம் தேவையா?

தேவையில்லை. பெரும்பாலான நாடுகளில் சமூகப்பணியாளராகப் பதிவு செய்துகொள்ளவோ உரிமம் பெறவோ இளங்கலை அல்லது முதுகலைப் பட்டமே போதும். அமெரிக்காவில் சிகிச்சை சார்ந்த சமூகப்பணிக்கான உரிமத்துக்குக்கூட அடிப்படைத் தகுதி எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டமும், அதன்பின் மேற்பார்வையின்கீழ் செய்த பணி அனுபவமும்தான். ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து அதன் சிக்கலை அவிழ்ப்பதுதான் உங்களுக்கு நிறைவு தருகிறது என்றால், முனைவர் பட்டம் உங்களை அந்தக் குடும்பத்திடமிருந்து சில ஆண்டுகளுக்குப் பிரித்து, நூலகத்திலும் கணினிக்கு முன்னாலும் உட்காரவைத்துவிடும். பதவி உயர்வுக்கான அடுத்த படி என்று மட்டும் நினைத்துச் சேர்கிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

அப்படியானால் அந்தப் பட்டம் எதற்காக?

ஆராய்ச்சி செய்யவும், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும், கொள்கை வகுப்பவர்கள் முன்வைக்கும் கூற்றுகளைச் சான்றோடு எடைபோடவும் தேவையான பயிற்சி அது. சமூகப்பணிக்கு இந்தப் பயிற்சி ஏன் வேண்டியிருந்தது என்பதற்குப் பின்னால் ஒரு பழைய மனக்குறை இருக்கிறது. 1915இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், மருத்துவக் கல்வியை ஆராய்ந்து பெயர் பெற்றிருந்த ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், சமூகப்பணியை ஒரு முழுமையான தொழில்முறைத் துறை என்று சொல்ல முடியுமா எனக் கேட்டு, முடியாது என்று பதிலும் சொன்னார். அதற்கென்று வரையறுத்த தனி எல்லை இல்லை என்பது அவர் வைத்த காரணங்களுள் ஒன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1917இல், மேரி ரிச்மண்ட் ஒருவரின் நிலைமையைப் பற்றிய தகவல்களை எப்படித் திரட்டுவது, எந்தச் சான்றை எவ்வளவு நம்புவது என்பதை முறைப்படுத்தி ‘சமூக நோய்நாடல்’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். 1920களில் பிரின் மார் கல்லூரி, சிகாகோ பல்கலைக்கழகம் போன்றவை இத்துறையில் முனைவர் பட்டம் வழங்கத் தொடங்கின. பன்னாட்டுச் சமூகப்பணியாளர் கூட்டமைப்பும் சமூகப்பணிக் கல்விக்கூடங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2014இல் மெல்பர்னில் ஏற்ற உலகளாவிய வரையறை, சமூகப்பணியை நடைமுறை சார்ந்த தொழில் என்றும் ஒரு கல்விப்புலம் என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டாவது சொல்லுக்குரிய வேலையைச் செய்பவர்களை உருவாக்குவதுதான் இந்தப் பட்டம்.

பி.எச்.டி., டி.எஸ்.டபிள்யூ. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இப்போதைய வழக்கில், பி.எச்.டி. என்பது புதிய அறிவை உருவாக்கும் ஆராய்ச்சிப் பட்டம், டி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முனைவர்) என்பது நிறுவனத் தலைமை, மேம்பட்ட சிகிச்சைப் பயிற்சி, நடைமுறைச் சிக்கலுக்குத் தீர்வு வடிவமைத்தல் ஆகியவற்றை மையமாகக் கொண்ட பணிசார் பட்டம். குழப்பம் வரக் காரணம், முற்காலத்தில் டி.எஸ்.டபிள்யூ. என்ற பெயரிலும் ஆராய்ச்சிப் பட்டமே வழங்கப்பட்டது என்பதுதான். பிறகு பல அமெரிக்கக் கல்விக்கூடங்கள் அதைக் கைவிட்டு பி.எச்.டி.க்கு மாறின, 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அதே பெயரைப் பணிசார் பட்டமாக மீட்டெடுத்தபின் வேறு பலவும் பின்தொடர்ந்தன. ஆகவே பழைய டி.எஸ்.டபிள்யூ. பட்டம் பெற்ற ஒரு பேராசிரியரைப் பார்த்து, இன்றைய படிப்பும் அதேபோன்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தியா உட்பட பல நாடுகளில் பி.எச்.டி. மட்டுமே நடைமுறையில் இருக்கிறது.

எத்தனை ஆண்டுகள் ஆகும்?

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி குறைந்தது 3 ஆண்டுகள், கூடியது 6 ஆண்டுகள். குறைந்தது 12 கிரெடிட் பாடநெறியும் முடிக்க வேண்டும். ஸ்வீடனில் முழுநேர அளவில் 4 ஆண்டுகள் என்பது கணக்கு. அங்கே ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சம்பளப் பணியாளராகவே இருப்பதால், கற்பித்தல் வேலை சேரும்போது அது ஐந்தாக நீளும். அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, அதன்பின் ஆய்வேடு என்ற வரிசை இருப்பதால் ஐந்தாறு ஆண்டுகள் ஆவது இயல்பு. பிரிட்டனில் வகுப்புகள் குறைவு. முதல் நாளிலிருந்தே ஆய்வு என்பதால் முழுநேரமாக மூன்று முதல் நான்கு ஆண்டுகள்.

தாளில் உள்ள இந்த எண்களைவிட முக்கியமானது தாமதம் எங்கே நேர்கிறது என்பது. எழுதுவதில் தாமதம் என்று எல்லோரும் சொல்வார்கள். சமூகப்பணியில் பெருந்தாமதம் அதற்கு முன்னாலேயே, அனுமதியில் நேர்கிறது. சிறை, மனநலக் காப்பகம், குழந்தைகள் இல்லம், தஞ்சம் தேடி வந்தோர் தங்குமிடம் போன்ற இடங்களுக்குள் நுழைய வேண்டுமானால் துறைவாரியாகக் கடிதம் கொடுத்து, அலுவலர் மாறினால் மறுபடியும் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்தக் காத்திருப்பைக் கால அட்டவணையில் எழுதாத முன்மொழிவை நான் நம்புவதில்லை.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

களத்திலிருந்து வருபவர்களுக்குத் தலைப்புக்குப் பஞ்சமே இருக்காது. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பிரச்சினை. ஆய்வுக்கு வேண்டியது கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காப்பகங்களில் வளர்ந்து 18 வயதில் வெளியேறும் இளைஞர்களோடு வேலை பார்த்த ஒருவர், ‘காப்பகத்திலிருந்து வெளியேறும் இளைஞர்களின் பிரச்சினைகள்’ என்று எழுதிக்கொண்டு வருகிறார். இதற்கு விடை என்ன? ஒரு நீண்ட பட்டியல். பட்டியல் போடுவதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை; அவருடைய நாட்குறிப்பே போதும்.

அடுத்த முறை அவர், ‘வெளியேறும் இளைஞர்களுக்குத் தங்குமிடம் கிடைப்பதில் உள்ள தடைகள்’ என்று சுருக்கிக்கொண்டு வருகிறார். பரவாயில்லை, ஆனால் வாடகை அதிகம், உத்தரவாதம் தர ஆளில்லை என்று விடை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மூன்றாவது முறை பேசிக்கொண்டிருக்கும்போது, போகிறபோக்கில் அவரே சொல்கிறார்: தங்க இடமில்லாமல் தவிக்கும்போதுகூட அந்தப் பிள்ளைகள் பழைய காப்பகத்துக்கு மட்டும் போன் செய்வதே இல்லை. அங்கேதான் கேள்வி இருக்கிறது. ‘வெளியேறிய முதல் ஆறு மாதங்களில் அவர்கள் யாரிடம் உதவி கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதைத் தவிர்க்கிறார்கள், அந்தத் தவிர்ப்பை எப்படி விளக்குகிறார்கள்?’ இதற்கு விடை அவருக்கே தெரியாது. கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் வெளியேற்றத்துக்குப் பிந்தைய உதவித் திட்டங்களை வடிவமைப்பவர்களுக்குப் பயன்படும்.

அனுபவசாலிகளைத் துளைத்துக்கொண்டே இருக்கும் அந்தச் சிறிய புதிர்தான் பல நேரங்களில் நல்ல தலைப்பாகிறது. அது கிடைத்தபின், ஏற்கெனவே யாராவது இதற்கு விடை கண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியமும், சமூகநலத் திட்டங்களின் பலனைப் பற்றிய முறையான மீளாய்வுகளுக்கு 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கேம்பெல் கூட்டமைப்பின் வெளியீடுகளும் நல்ல தொடக்கம். படித்த அன்றே மேற்கோள்களை ஜோட்டேரோ போன்ற மென்பொருளில் சேமித்துக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில் பக்க எண் தேடி அலைவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

நெறியாளரை எதை வைத்துத் தேர்வு செய்வது?

பெயரையும் பதவியையும் பார்ப்பதற்கு முன், கடந்த ஐந்து ஆண்டுகளில் அவரிடம் சேர்ந்த எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள் என்று அவருடைய இப்போதைய மாணவர்களிடம் கேளுங்கள். அனுப்பிய அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது, திரும்பி வரும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். எழுத்துப்பிழை திருத்தம் மட்டும் வந்தால் அவர் படிக்கவில்லை. ‘இந்த முடிவுக்கு எங்கே சான்று?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தால் படித்திருக்கிறார். உங்கள் தலைப்பில் அவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை, உங்கள் ஆய்வுமுறையை அறிந்தவராக இருந்தால் நல்லது. முதல் சந்திப்பிலேயே, கூட்டாக வெளியிடும் கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வரும் என்பதைப் பேசிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். இதைக் கேட்க நமக்குத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்பவர் நெறியாளராக வேண்டாம்.

பண்புசார் ஆய்வா, அளவுசார் ஆய்வா?

கேள்வி என்ன கேட்கிறதோ அதுதான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு, எதனோடு தொடர்பு, திட்டம் பலன் தந்ததா என்பவை அளவுசார் கேள்விகள். எப்படி, என்ன பொருளில், எந்த வழியாக என்பவை பண்புசார் கேள்விகள். ‘எனக்குக் கணக்கு வராது, அதனால் நேர்காணல்’ என்று வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்கவே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதன்பின் வரிவரியாகக் குறியிட்டு, குறியீடுகளைக் கருப்பொருள்களாகத் தொகுத்து, ஒத்துவராத நேர்காணல்களை மறைக்காமல் விளக்கியாக வேண்டும். என்விவோ போன்ற மென்பொருள் தரவை ஒழுங்குபடுத்தித் தரும், சிந்தித்துத் தராது. அளவுசார் ஆய்விலோ மாதிரியின் அளவைத் தரவு திரட்டும் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் 60 படிவங்களோடு புள்ளியியலாளரிடம் போய் ‘இதில் என்ன செய்யலாம்?’ என்று கேட்பது, கட்டிய வீட்டுக்கு வரைபடம் கேட்பது போன்றது.

என் நிறுவனத்தின் பயனாளிகளிடமே ஆய்வு செய்யலாமா?

விதி அனுமதித்தாலும் நன்றாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் இது. மற்ற துறைகளைவிடச் சமூகப்பணி ஆய்வாளருக்கே உரிய சிக்கல் இங்குதான் இருக்கிறது.

ஒரு நேர்காணல் முடிகிறது. நீங்கள் நன்றி சொல்லி ஒலிப்பதிவை நிறுத்துகிறீர்கள். எதிரே இருக்கும் பெண் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த உதவித்தொகை விண்ணப்பம் என்ன ஆச்சு மேடம்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்குமே” என்கிறார். அந்த ஒரு வாக்கியம், கடந்த ஒரு மணி நேரத்தை வேறு வெளிச்சத்தில் காட்டிவிடுகிறது. அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டது ஆய்வில் பங்கெடுக்க விரும்பியா, மறுத்தால் விண்ணப்பம் நின்றுவிடும் என்ற பயத்திலா? நிறுவனத்தின் சேவையைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் அவருடைய கருத்தா, உங்கள் பதவிக்குச் செய்த மரியாதையா? பங்கெடுப்பது உங்கள் விருப்பம் என்று எத்தனை முறை படித்துக் காட்டினாலும், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் இருக்கும் ஏற்றத்தாழ்வு அந்தக் காகிதத்தால் மறைவதில்லை.

இதற்கு நேர்மாறான இன்னொரு சங்கடமும் உண்டு. தேர்ந்த சமூகப்பணியாளருக்கு ஒருவரைப் பேசவைக்கத் தெரியும். மௌனத்தை எவ்வளவு நேரம் விட வேண்டும், எந்த இடத்தில் தலையசைக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போயிருக்கும். அந்தத் திறமை, பங்கேற்பாளர் சொல்ல நினைத்ததைவிட அதிகமாகச் சொல்லவைத்துவிடும். உதவி உறவில் அப்படி வெளிவருவதற்குத் தொடர்ச்சி உண்டு, அடுத்த வாரம் மறுபடி சந்திப்பீர்கள். ஆய்வில் நீங்கள் தரவோடு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே, முடிந்தவரை வேறொரு நிறுவனத்தில் ஆய்வு செய்யுங்கள். முடியாவிட்டால், பங்கேற்பாளர்களை அழைக்கும் வேலையைச் சேவை முடிவில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுங்கள். யார் மறுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மனம் கலங்கினால் அணுக வேண்டிய ஆலோசகரின் விவரத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். பதிவை நிறுத்தியபின் சொல்லப்பட்டதைத் தரவாக எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்த இடத்திலேயே மறுபடி அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, எங்கே விசாரிக்கலாம் என்று வழிகாட்டலாம். பங்கேற்றதற்குக் கைம்மாறாக முடித்துத் தருவதாகச் சொல்லக் கூடாது.

அறநெறிக் குழுவின் ஒப்புதல் வெறும் சடங்கா?

அப்படி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளின் அறநெறி குறித்து 1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை முன்வைத்த மூன்று கொள்கைகளை, அதாவது மனிதரை மதித்தல், நன்மை செய்து தீங்கைக் குறைத்தல், சுமையும் பயனும் நீதியாகப் பகிரப்படுதல் ஆகியவற்றை, உங்கள் ஆய்வுக்குப் பொருத்தி எழுதிப் பார்த்தால், பல ஓட்டைகள் தரவு திரட்டும் முன்பே தெரிந்துவிடும். எல்லாம் இரகசியம் காக்கப்படும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பது நேர்காணலில் தெரியவந்தால் அதை உரியவர்களிடம் தெரிவிக்கும் சட்டக் கடமை பல நாடுகளில் உண்டு. அந்த விதிவிலக்கைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பங்கேற்பாளரிடம் சொல்லியாக வேண்டும்.

தமிழில் நேர்காணல் எடுத்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினால் சிக்கல் வருமா?

வரும். மொழிபெயர்ப்பை எழுத்தர் வேலையாக நினைத்தால்தான் வரும். “மனசு சரியில்லை” என்று ஒருவர் சொன்னதை ஆங்கிலத்தில் மனச்சோர்வு நோயைக் குறிக்கும் சொல்லால் எழுதிவிட்டால், அவர் சொல்லாத ஒரு நோய்நிர்ணயத்தை ஆய்வாளர் செய்துவிடுகிறார். அவர் குறித்தது வருத்தமாக இருக்கலாம், ஒருவர்மீது மனத்தாங்கலாக இருக்கலாம், வேலையில் நாட்டமின்மையாகவும் இருக்கலாம். எனவே மூலமொழியிலேயே குறியிட்டு, மேற்கோள் காட்டும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்ப்பது பாதுகாப்பானது. வேறொருவர் மொழிபெயர்த்தால் அவரும் இரகசியக் காப்பு உறுதிமொழி தர வேண்டும். வேறு மொழியில் உருவான வினாநிரலைப் பயன்படுத்துவதானால், தமிழாக்கியதை மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும், சிலரிடம் முன்சோதனையும் செய்ய வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே செய்ய முடியுமா?

பல பல்கலைக்கழகங்களில் பகுதிநேரப் பதிவு உண்டு. பணியில் இருப்பவர்கள் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றிதழைத் தர வேண்டியிருக்கும். உதவித்தொகைகள் பெரும்பாலும் முழுநேரத்தாருக்கே. வாரத்தில் ஒரு முழு நாளை வேலைக்கும் வீட்டுக்கும் கொடுக்காமல் ஒதுக்க முடியுமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். தினமும் இரவு ஒரு மணி நேரம் என்ற திட்டம், நெருக்கடி அழைப்புகள் வரும் இந்தத் தொழிலில் இரண்டு வாரத்துக்குமேல் நிற்காது.

வாய்மொழித் தேர்வில் என்ன நடக்கும்?

பிரிட்டனில் அது மூடிய அறையில், அகத் தேர்வாளர் ஒருவரும் புறத் தேர்வாளர் ஒருவரும் ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் நீண்ட உரையாடல். இந்தியாவில் பொதுவாக வைவா என்றே அழைக்கப்படும் அது, பார்வையாளர்கள் முன்னிலையில் நடப்பது. ஸ்வீடனிலும் பொது அரங்கில்தான். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒருவர் எதிர்வாதியாக நின்று கேள்வி கேட்பார். தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஆய்வேட்டை நிஜமாகவே ஆணியடித்துப் பலகையில் மாட்டிவைப்பது அங்கே இன்றும் இருக்கிற வழக்கம்.

வடிவம் எதுவானாலும் சில கேள்விகள் தப்பாமல் வரும். ஏன் இந்த முறை, ஏன் இந்த இடம், உங்கள் முடிவுகள் யாருக்குப் பொருந்தாது, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘எதையும் மாற்றமாட்டேன்’ என்பது மோசமான விடை. சமூகப்பணித் தேர்வாளர்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: இதை ஒரு சமூகவியலாளரும் செய்திருக்கலாமே, இதில் சமூகப்பணி எங்கே இருக்கிறது? இதற்கான விடையை முதல் ஆண்டிலேயே ஒரு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் ஆண்டும் திருத்துங்கள்.

பட்டம் கிடைத்தபின் வேலை?

கற்பித்தல் முதன்மையானது. அதைத் தவிர அரசு மற்றும் பன்னாட்டு அமைப்புகளின் திட்ட மதிப்பீட்டுப் பிரிவுகள், ஆய்வு நிறுவனங்கள், பெரிய தொண்டு நிறுவனங்களின் கொள்கைப் பிரிவுகள் ஆகியவையும் உண்டு. கல்விப்பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆய்வேட்டிலிருந்து ஒன்றிரண்டு கட்டுரைகளையாவது தரமான ஆய்விதழ்களில் வெளியிட்டிருப்பது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களின் மின்னஞ்சல்களைப் படிக்காமலே அழித்துவிடலாம்.

ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு முடிவுகளைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வேட்டின் சுருக்கத்தை அப்படியே அனுப்புவது சொன்னதாகாது. இரண்டு பக்கத்துக்கு மிகாமல், அவர்கள் பேசும் மொழியில், என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, யாரிடம் கொண்டுபோகிறோம் என்று எழுதுங்கள். படிக்க இயலாதவர்களுக்கு நேரில் வாசித்துக் காட்டுங்கள். பெயர்களை மாற்றியிருந்தாலும், ஒரே காப்பகத்தில் வளர்ந்தவர்கள் ஒருவர் கதையை இன்னொருவர் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால், அந்த இரண்டு பக்கத்தில் எந்த மேற்கோளைச் சேர்ப்பது என்பதைச் சொன்னவரிடமே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் மதிப்பெண் தராது. அதனால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே, உதவித்தொகையும் பயணச்செலவும் கையில் இருக்கும்போதே, அதற்கான தேதியைக் குறித்துவிட வேண்டும்.